லேப் சுவருக்கு எந்தப் பக்கம்?

ஏப்ரல், மே வந்துவிட்டால் எங்கள் டவுணில் இரண்டு விஷயம் சூடாக இருக்கும். ஒன்று வெயில். இன்னொன்று பள்ளிக்கூட அட்மிஷன் பேச்சு. வாகையடி முக்கில் காய்கறி வாங்கப் போனாலும் அதுதான், நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்தாலும் அதுதான்.

இந்த வருஷம் அதிகமாகக் காதில் விழுந்தது ஹாஸ்டல் பள்ளிகளைப் பற்றி. அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை. ஒரே வளாகம், ஒரே டிரஸ்ட், ஒரே கேட். உள்ளே போனால் பையன்களுக்கு ஒரு பள்ளி, பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. நடுவில் பத்தடி உயரச் சுவர். அடுத்த வீட்டு மருமகள் அந்த நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டி, "ஆச்சி, அண்ணனையும் தங்கச்சியையும் ஒரே இடத்துல விட்டுரலாம். ஆனா தனித்தனி. பாதுகாப்பு. நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டாள்.

நோட்டீஸில் சுவரின் படம் பெரிதாக இருந்தது. லேப் படமும் இருந்தது. அந்த லேப் சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் போடவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வா என்றேன். ஒரு வரியில் சொல்லிவிட்டேன், விளக்கம் இங்கே எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதா, தனியாகப் படிப்பதா என்ற சண்டையில் நான் எந்தக் கட்சியும் இல்லை. இரண்டிலும் நல்ல பள்ளி உண்டு, இரண்டிலும் மோசமான பள்ளி உண்டு. ஆனால் ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளி என்பது மூன்றாவது ஏற்பாடு. அதை அதற்குரிய கேள்வி கேட்டுத்தான் எடைபோட வேண்டும். சுவர் எவ்வளவு உயரம் என்பது அந்தக் கேள்வி இல்லை. சுவருக்கு எந்தப் பக்கம் என்ன இருக்கிறது, அது யாருக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு தகுதி இருக்கிறது. அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் விடுதியில் இருந்து படித்தவள் நான். பிறகு அரசாங்க வேலையில், அப்படிப்பட்ட பள்ளிகளின் கோப்புகளை வருஷக்கணக்கில் கையாண்டவளும் நான்.

ரசாயனம் வாசனையாக வந்தது

கல்யாணமாகி இந்த ஊருக்கு வருவதற்கு முன் நான் புதுவை மாநிலத்துக்காரி என்பது இங்கே வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. நான் படித்ததெல்லாம் அந்த இடைக்காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்னும். கொடி மாறியும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் மாறாமல் நடந்தன. எங்கள் வீட்டிலும் அப்பாவுக்குப் பிரெஞ்சு தவிர வேறு படிப்பு படிப்பாகவே தெரியவில்லை.

என்னை விட்ட பள்ளி எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்லப் போவதில்லை. நடத்தியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தோட்டத்துக்குள் இரண்டு கட்டடம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பையன்கள். நடுவில் சுவர், சுவர் மேல் உடைந்த பாட்டில் சில்லு.

விடுதி மோசம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது. இலக்கணம், கையெழுத்து, மனக்கணக்கு எல்லாம் அங்கே கற்றதுதான். இன்றைக்கும் ஒரு நீண்ட கடிதத்தைப் படித்து மூன்று வரியில் சாரம் எழுத முடிகிறது என்றால், அந்தப் பள்ளி கொடுத்த பழக்கம். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் லேப் அந்தப் பக்கம் இருந்தது.

எங்களுக்கு ரசாயன வகுப்பு உண்டு. ஆசிரியை ஒரு தட்டில் இரண்டு சோதனைக் குழாயும் ஒரு மெழுகுவர்த்தியும் கொண்டு வருவார். அவர் செய்வார், நாங்கள் பார்த்து நோட்டில் படம் வரைவோம். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் நிஜமாகவே செய்துகொண்டிருப்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் காற்றில் வரும். இன்றைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று தெரிந்துகொள்வோம். எங்களுக்கு ரசாயனம் வாசனையாகத்தான் வந்தது.

"எங்களையும் வாரம் ஒரு நாள் அங்கே அழைத்துப் போகக் கூடாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். நேரம் ஒத்துவராது என்றார்கள். எங்களுக்கு அந்த நேரத்தில் தையல் வகுப்பு.

இன்னொன்று. ஒரு நாள் பையன்களில் யாரோ சுவர் மேலே ஏறி ஒரு சீட்டை எறிந்துவிட்டான். யாருக்கு எறிந்தான், என்ன எழுதியிருந்தான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மறுவாரம் தச்சர் வந்து, சுவர்ப் பக்கமிருந்த எங்கள் படிப்பறை ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பகலிலும் விளக்குப் போட்டுத்தான் படித்தோம். ஏறியவன் பையன், இருட்டில் உட்கார்ந்தது நாங்கள். பாதுகாப்பு என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வருகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிக் கொடுக்காத பிரெஞ்சுச் சரித்திரம்

வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகுதான், நான் படித்த பிரெஞ்சுப் படிப்பின் சரித்திரத்தையே சாவகாசமாகப் படித்தேன். அதில் ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. எங்கள் பள்ளியில் நடந்தது ஏதோ ஒரு நிர்வாகத்தின் கஞ்சத்தனம் இல்லை, ஒரு பெரிய வழக்கத்தின் வால் என்று.

நெப்போலியன் 1802இல் லிசே பள்ளிகளைத் தொடங்கினார். பையன்களுக்கு மட்டும். விடுதி, சீருடை, முரசடித்து எழுப்புவது என்று பாதி பட்டாளம். பெண்களுக்கு அரசு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று சட்டம் வந்தது 1880 டிசம்பரில். காமீய் சே என்ற மக்களவை உறுப்பினர் கொண்டுவந்த சட்டம். நடுவில் 78 வருஷம்.

சரி, வந்துவிட்டதே என்று சந்தோஷப்படலாம் என்றால், பாடத்திட்டம் வேறு. லத்தீன் கிடையாது, கிரேக்கம் கிடையாது. தையலும் நன்னெறியும் உண்டு. முடிவில் ஒரு டிப்ளமா. பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும் பக்கலோரெயா பரீட்சைக்கு அந்தப் படிப்பு தயார் செய்யாது. இத்தனைக்கும் ஜூலி விக்துவார் தோபியே என்ற பெண் 1861லேயே அந்தப் பரீட்சையை எழுதித் தேறிக் காட்டிவிட்டார். பெண்கள் லிசேயிலும் பையன்களுக்கான அதே பக்கலோரெயா படிப்பு வந்தது 1924இல். சேர்ந்து படிப்பது பொது விதியானது 1975ஆம் வருஷ அபி சட்டத்துக்குப் பிறகு.

அதாவது, பெண்களுக்குத் தனிப் பள்ளி கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் "தனி" என்ற சொல்லுக்குள்ளே "வேறு" என்ற சொல் நுழைந்துகொண்டது. அதை வெளியேற்ற 44 வருஷம் ஆயிற்று.

நம் பக்கத்துக் கதை

பிரான்ஸை மட்டும் சொன்னால் ஆச்சிக்குப் பழைய ஊர்ப் பாசம் என்பீர்கள். நம் ஜில்லாவைப் பார்ப்போம்.

பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையின் அஸ்திவாரத்தில் விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் காம்பவுண்டு என்றால் ஒரு அமைப்பு உண்டு. நடுவில் பங்களா, ஒரு பக்கம் பையன்கள் போர்டிங், ஒரு பக்கம் பெண்கள் போர்டிங். முதலாவதை ஐயர் பார்த்துக்கொள்வார், இரண்டாவதை அவர் மனைவி.

கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். அவர் எழுதிய ஒப்பிலக்கணம் (1856) எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி எலைசா அங்கே பெண்களுக்குப் போர்டிங் பள்ளி நடத்தியதும், லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்ததும் அவ்வளவு பேருக்குத் தெரியாது. அந்த அம்மாள் நாகர்கோவில் மிஷனரி மால்ட் தம்பதியின் மகள். அவர் தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கியதுதான் அந்த லேஸ் வேலை. அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் விடுதலைப் பணம் கட்டி மீண்டார்கள் என்பது சரித்திரம். லேசான காரியம் இல்லை.

ஆனாலும் கணக்குப் பாருங்கள். பையன் போர்டிங்கில் படித்தால் உபதேசியார் ஆகலாம், வாத்தியார் ஆகலாம். பெண் போர்டிங்கில் படித்தால் பெரும்பாலும் உபதேசியாருக்கோ வாத்தியாருக்கோ மனைவியாகலாம். அவன் பரீட்சை எழுதினான், அவள் ஊசி பிடித்தாள். ஊசி பிடித்துச் சம்பாதித்தது பள்ளிச் செலவுக்கும் உதவியது. ஒரே காம்பவுண்டு, இரண்டு எதிர்காலம்.

அதை மாற்றியவை எவை என்றால், பெண்களுக்கென்று முழுப் பள்ளியாக, தன் காலில் நின்றவை. பாளையங்கோட்டை சாராள் தக்கர் ஓர் உதாரணம். சென்னையில் சி.எம்.எஸ். செயலராக இருந்த ஜான் தக்கரின் சகோதரி அவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உடல் நலிந்தவர், இங்கிலாந்தில் இருந்தபடியே நம் பக்கத்துப் பெண்களுக்காக எழுதியும் நிதி சேர்த்தும் பாடுபட்டவர். அவர் பெயரில் எழுந்த ஸ்தாபனம் பள்ளியாகி, ஆசிரியர் பயிற்சியாகி, கல்லூரியாகி வளர்ந்தது. அங்கே லேப் பெண்களுடையது, மைதானம் பெண்களுடையது, சாவி பெண்களுடைய கையில். என் மகள் பெண்கள் பள்ளியில் படித்தாள். அவள் கையில் பிப்பெட் இருந்ததை நான் பார்த்தேன். தனிப் பள்ளிக்கு நான் விரோதி இல்லை என்று சொன்னது இதனால்தான்.

கடல் தாண்டியும் ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கு விடுதியோடு இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். பையன்களுக்கான பரமேஸ்வராக் கல்லூரி 1921இல்தான் வந்தது. பெண்ணுக்கு முதலில், பையனுக்குப் பிறகு. அந்த பரமேஸ்வரா இருந்த இடத்தின் பெயரும் திருநெல்வேலிதான்! பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அந்த வளாகத்தில்தான் 1974இல் ஆரம்பமானது.

சேரன்மகாதேவியில் இரண்டு பந்தி

ஒரே வளாகத்துக்குள் கோடு கிழித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அது ஆண் பெண் விஷயம் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

வ.வே.சு. ஐயர் பத்து வருஷம் புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்தவர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர் திரும்பி வந்து, 1922 வாக்கில் நம் பக்கத்தில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். முதலில் கல்லிடைக்குறிச்சி, பிறகு சேரன்மகாதேவி. தாய்மொழியில் படிப்பு, கைத்தொழில், தேச பக்தி என்று உயர்ந்த லட்சியம். காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. எல்லா ஜாதிப் பையன்களும் ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். இரண்டு பிராமணப் பையன்கள் மட்டும், பெற்றோர் விதித்த நிபந்தனைப்படி, தனியாகச் சாப்பிட்டார்கள்.

இரண்டே பையன்கள். ஆனால் அந்தத் தனிப் பந்தி நாட்டையே கலக்கியது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள், காந்தி வரை பஞ்சாயத்து போனது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தானும் உயிர் விட்டார். பெரியார் அந்த வருஷக் கடைசியில் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கு இந்த விவகாரமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஐயரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் எனக்குப் புரிந்தது இது. ஒரே இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோடு கிழித்தால், வகுப்பில் நடத்துகிற பாடத்தைவிட அந்தக் கோடுதான் ஆழமாகப் பதிகிறது. பத்து மைல் தள்ளி இருக்கிற பள்ளி பையன்களுடையது என்றால் எந்தப் பெண்ணும் வருத்தப்பட மாட்டாள். பத்தடி தள்ளி இருக்கிற லேப் தனக்கு இல்லை என்றால், தான் யார் என்பதை அவள் தெரிந்துகொள்கிறாள். பையனும் தெரிந்துகொள்கிறான். அவன் கற்றுக்கொள்வது இன்னும் ஆபத்து.

கோப்பில் இல்லாத கட்டம்

இனி என் ஆபீஸ் கதை. பிரெஞ்சு சர்டிபிகேட்டுக்கு இணைச் சான்று வாங்கி, பரீட்சை எழுதி, இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராக ஓய்வு பெற்றேன். அதில் கணிசமான காலம் தனியார் பள்ளி அங்கீகாரக் கோப்புகள் என் மேஜையில்.

அங்கீகாரம் புதுப்பிக்க என்னென்ன கேட்போம் தெரியுமா? கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. நிலம் எவ்வளவு, வகுப்பறை எத்தனை, லேப் உண்டா, நூலகம் உண்டா, மைதானம் உண்டா. எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. "உண்டு" என்று எழுதி, வரைபடமும் போட்டோவும் இணைத்தால் முடிந்தது.

ஒரு தடவை இரண்டு கோப்பு ஒரே வாரத்தில் வந்தது. ஒரு டிரஸ்ட், ஒரே சர்வே எண், பையன்கள் பள்ளி ஒன்று, பெண்கள் பள்ளி ஒன்று. இரண்டிலும் மைதானம் "உண்டு". வரைபடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மைதானம். இரண்டிலும் லேப் "உண்டு". போட்டோவில் அதே மேஜை, சுவரில் அதே காலண்டர், அதே தேதி!

குறிப்பு எழுதினேன். பதில் வந்தது: "இரு பள்ளிகளும் பகிர்ந்து பயன்படுத்துகின்றன." பகிர்வது தப்பில்லையே. நல்ல லேப் ஒன்று வைத்து இருவரும் பயன்படுத்துவது, ஓட்டை லேப் இரண்டு வைப்பதைவிட மேல். அப்படியானால் கால அட்டவணை அனுப்புங்கள் என்று கேட்டு எழுதினேன். வந்தது. பையன்களுக்கு வாரம் ஐந்து நாள். பெண்களுக்கு சனிக்கிழமை பிற்பகல். மைதானம்? பெண்களுக்குக் காலை ஆறிலிருந்து ஆறே முக்கால்.

அதை நிராகரிக்க விதியில் இடம் இல்லை. லேப் உண்டா என்று கேட்கிற கட்டம் இருக்கிறது. யாருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்கிற கட்டம் இல்லை. கோப்பு நகர்ந்துவிட்டது.

ஒரே வளாகத்தில் பல பள்ளி என்பது காகிதத்தில் என்னென்ன செய்யும் என்பதற்கு மிகக் கொடுமையான உதாரணம் கும்பகோணம். 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். அந்த ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் கூரை வேய்ந்த வகுப்பறை கூடாது என்றும், கட்டட, தீத்தடுப்பு விதிகளைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றும் ஆனது. உயிர் போனதும் விதி விழித்துக்கொண்டது. வாய்ப்பு போவதற்கு அப்படி விழிக்கிற விதி எதுவும் இல்லை; அதில் புகை வராது.

விடுதிகளுக்கு இப்போது தனிச் சட்டமே இருக்கிறது. மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், 2014. கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பத்து பேரில் ஒருவர்கூடக் கேட்பதில்லை.

மார்க் என்ற இன்னொரு சுவர்

இன்றைய ஹாஸ்டல் பள்ளிகள் மிஷன் போர்டிங் வகையும் இல்லை, குருகுல வகையும் இல்லை. தமிழ்நாட்டில் இவை பெருத்த கதை வேறு. தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு 2007இல் போனது. பிளஸ் டூ மார்க்தான் எல்லாம் என்றானது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு நம் ஊரிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார்கள் என்று புகார் வர, 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. நடுவில் நீட் வந்தது. அதே கட்டடங்களில் போர்டு மட்டும் மாறியது.

இந்த வகைப் பள்ளிகளில் சுவர் எதற்கு என்றால் கவனம் சிதறாமல் இருப்பதற்கு என்கிறார்கள். தனியாகப் படித்தால் மார்க் கூடுமா? என் பேரன் தேடிக் கொடுத்ததை வாசித்தேன். 2014இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. வீட்டு வசதி, முன்படிப்பு ஆகியவற்றைச் சமப்படுத்திப் பார்த்த ஆய்வுகளில் தனிப் பள்ளியால் பெரிய லாபம் தெரியவில்லை. அதே சமயம் தென்கொரியாவின் சியோல் நகரில், குலுக்கல் முறையில் உயர்நிலைப் பள்ளி ஒதுக்குகிறார்கள். அங்கே தனிப் பள்ளிப் பிள்ளைகள் சற்று மேலாகவே செய்தார்கள். ஆக, ஒரே பதில் இல்லை. சுவர் கட்டினால் மார்க் வரும் என்று நோட்டீஸ் அடிப்பது வியாபாரம்.

மறுபக்கம், சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அவசரப் பேச்சுதான். கேரளத்தில் 2022இல் குழந்தைகள் உரிமை ஆணையம், தனித்தனிப் பள்ளிகளையெல்லாம் கலப்புப் பள்ளிகளாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் சேர்க்கும்போது யார் யாரிடம் போய்ச் சேருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மூடி என்ற போதகர் 1879இல் நார்த்ஃபீல்டில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். 1881இல் ஆற்றுக்கு அக்கரையில் மவுண்ட் ஹெர்மனில் பையன்களுக்கு. 1971இல் இரண்டும் ஒன்றாயின. 2005இல் செலவு தாங்காமல் ஒரு வளாகத்தை மூடினார்கள். எதை மூடினார்கள் தெரியுமா? முதலில் தொடங்கிய, பெண்களுடைய நார்த்ஃபீல்டை. நிர்வாகத்துக்கு நூறு காரணம் இருந்திருக்கும். அங்கே படித்த கிழவிகளுக்கு மனசு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்?

ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளி என்பது உள்ளபடியே நல்ல ஏற்பாடாக இருக்க முடியும். அண்ணன் தங்கை ஒரே இடம். பெற்றோருக்கு ஒரே பயணம். தங்குமிடம், குளியலறை, கழிப்பறை தனி. அது தனியாகத்தான் இருக்க வேண்டும். விலை உயர்ந்த லேப், நல்ல நூலகம், திறமையான பௌதிக ஆசிரியர், நர்ஸ் எல்லாம் பொது. ஒரு சின்ன டிரஸ்ட் இரண்டு இடத்தில் செய்ய முடியாததை ஒரு இடத்தில் செய்யலாம். ஆனால் பகிர்வு என்றால் கால அட்டவணை. அட்டவணை இல்லாத பகிர்வு தானம்தான். கொடுத்தவன் நினைத்தபோது நின்றுபோகும்.

ஆகையால் நோட்டீஸை மூடி வைத்துவிட்டு, நேரில் போய் இவற்றைக் கேளுங்கள்.

லேப் யாருக்கு எந்தெந்த நாள், எத்தனை பீரியட்? அட்டவணையைக் கண்ணால் பாருங்கள். பெண்ணைக் கூப்பிட்டு, "நீயே செய்தாயா, பார்த்தாயா?" என்று கேளுங்கள்.

மைதானத்தில் பெண்கள் மாலை நேரத்தில் விளையாடுகிறார்களா? விடியற்காலையில் மட்டும் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

பதினோராம் வகுப்பில் பெண்கள் பக்கமும் எல்லா குரூப்பும் உண்டா? கம்ப்யூட்டர் சயன்ஸ் அந்தப் பக்கம், ஹோம் சயன்ஸ் இந்தப் பக்கம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பாடத்திட்டத்தில் வித்தியாசம் கூடாது என்று ஹன்ஸா மேத்தா குழு 1960களின் தொடக்கத்திலேயே சொல்லியாகிவிட்டது.

இரண்டு பள்ளிக்கும் ஒரே ஆசிரியர்களா? பெண்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கு லேப் சாவி கேட்கிற அதிகாரம் இருக்கிறதா, அல்லது அந்தப் பக்கத்திலிருந்து அனுமதி வாங்க வேண்டுமா?

விடுதி உரிமம் எங்கே? வார்டன் இரவில் அங்கேயே தங்குகிறாரா?

கடைசியாக ஒரு கேள்வி. இதை நிர்வாகியிடம் சிரித்துக்கொண்டே கேளுங்கள். "ஐயா, ஒரு பையன் சுவர் ஏறினால் என்ன செய்வீர்கள்?" பையனைக் கூப்பிட்டு விசாரிப்போம் என்றால் நல்ல பள்ளி. சுவரை இன்னும் இரண்டடி உயர்த்துவோம் என்றால் சுமாரான பள்ளி. பெண்கள் பக்கத்து ஜன்னலை அடைப்போம் என்றால், அட்வான்ஸ் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, பெண்ணை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள். கட்டிய பணம் போகட்டும், வெளிச்சம் போனால் திரும்ப வராது.